முழுப்பெயர் தெரிந்த அரை மணி நேரம்

ஒரு இறால் கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அதில் வேலை செய்பவர்கள் குறைகளை எழுத ஒரு பக்கம் உண்டு. முழுப்பெயரும் அப்பா பெயரும் கொடுத்துப் பதிந்துவிட்டு, புனைபெயரில் எழுதலாம்.

இன்று காலை மேனேஜர் போனில், "இனிமே முழுப்பேரே தெரியட்டும் தம்பி. அப்பதான் பொறுப்பா எழுதுவாங்க" என்றார்.

மில்லர்புரத்து வீட்டிலிருந்தே வெப்சைட் கோடில் ஒரு வரியை மாற்றிவிட்டு தோசை சாப்பிடப் போனேன்.

அரை மணி நேரத்தில், பக்கத்தின் அடியில் போட்டிருக்கும் என் நம்பருக்கு ஒரு அக்கா கூப்பிட்டார். கிசுகிசுவென்று பேசினார்.

"தம்பி, இறால் உரிக்கிற இடத்துல இருந்து பேசுதேன். பொம்பளைக உடுப்பு மாத்துற ரூம் வாசல்ல சூப்பர்வைசர் வந்து நிக்காருன்னு போன மாசம் எழுதினேன். இப்ப எம் பேரும் அப்பா பேரும் அப்படியே தெரியுது."

"அவரு பாத்துட்டாராக்கா?"

"போனும் கையுமா எதுக்கதான் நிக்காரு. எதைப் பாக்காருன்னு தெரியலையே."

பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். யாரையும் கேட்காமல் பழையபடி மாற்றினேன்.

அதற்குள் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். யார் யார் என்று தெரியவில்லை.

சாயங்காலம் அக்காவின் மெசேஜ்: "அவரு ஒண்ணும் கேக்கல. நாளைக்கு என்னை மட்டும் தனி ஷிஃப்ட்ல போட்டிருக்காரு."

அக்காவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். மேனேஜர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், நான் இன்னும் எடுக்கவில்லை. அவரிடம் என்ன சொல்லலாம் என்று கமெண்டில் சொல்லுங்கள். உங்கள் பெயர் எல்லாருக்கும் தெரியும், பார்த்து எழுதுங்கள்.