பதினைந்து நொடிக்கு ஒருமுறை

டோர்சாமி சுவா நகரை விட்டுப் போன புதன்கிழமை, ஆகஸ்ட் பதினேழு, தொரிகா கணினித் திரையில் ஒரு விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நீளும்போது அதை விரலால் பின்தொடர்வது அவள் வழக்கம். விரல் நகர்ந்தால்தான் கோடும் நகரும் என்பது போல இருக்கும் பார்க்க. லாவ் தீவுகளின் கடைக்கோடியில் தொகலுவா என்றொரு தீவு. அங்குள்ள மருத்துவ நிலையத்தின் சின்னக் கணினிக்கு, செயற்கைக்கோள் வழியாக ஏஜென்ட் என்கிற ஒரு கண்காணிப்பு மென்பொருள் போய்க்கொண்டிருந்தது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் தொகலுவாவுக்கு இணைப்பு ஓரளவு நிற்கும். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். கோடு அறுபது சதவீதத்தில் இருந்தது.

கீழே டாக்சி நின்றது. டோர்சாமி பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

“தொரிகா, எந்திரிச்சு ஒரு தடவ திரும்பிப் பாரேன். போறேன்ல?”

“இப்ப கைய எடுத்தா அறுந்துரும், டோர்.”

“உன் கையில ஒண்ணும் இல்ல. அது சேட்டிலைட்டு.”

“இருக்கட்டும். நீ போய்ச் சேந்துட்டு ஃபோன் பண்ணு.”

அவன் சிரித்தது கேட்டது. “சொல்ல வேண்டியத எழுதி வெச்சிருக்கேன். நேரம் வரும்போது வரும்.”

மரப்படிகளில் பெட்டி இடித்துக்கொண்டே இறங்கியது. டாக்சிக் கதவு சாத்தியது. கோடு அறுபத்திரண்டுக்கு வந்தது. தொரிகா விரலை நகர்த்தினாள்.

சுவாவின் வாலு பே பகுதியில், வண்டி உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். மழை பெய்தால் தகரக் கூரையின் கீழ் பேச முடியாது. சுவாவில் மழை பெய்யாத நாள் குறைவு, ஆகவே அங்கே பேச்சும் குறைவு. பதினோரு வருடம் அவளும் டோர்சாமியும் முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒரு காலத்தில் துரைசாமியாக இருந்த பெயர், மூன்று தலைமுறையில் அப்படித் தேய்ந்திருந்தது. அவன் கொண்டுவரும் உருளைக்கிழங்கு ரொட்டியில் பாதி அவளுக்கு. அவள் கொண்டுவரும் மரவள்ளிக்கிழங்கில் பாதி அவனுக்கு. மனைவி இறந்து நான்கு வருடம் தனியாக இருந்துவிட்டு, அவன் சிட்னியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினான். தொரிகாவுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. ராய்வாங்காவில் ஒற்றை அறை வீடு. திருமணம் ஆகவில்லை.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று உறவினர்கள் யாருக்கும் விளங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து நசினுவில் தங்கை வீட்டில் சாப்பாடு. பாய் விரித்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும் அத்தை மகன் அபகுகி ஆரம்பிப்பான். கேலி செய்வது அவன் உரிமை.

“கன்டெய்னர்ல வேலங்கறா. துறைமுகத்துல ஒரு நாள்கூட இவளப் பாத்ததில்லையே!”

“இது வேற பெட்டி, மக்கு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற பெட்டி. அதுக்குள்ள ஒரு ஆள உக்கார வெக்கிறேன். டிஸ்க் ரொம்புதா, ஃப்ரிட்ஜு சூடாகுதா, கரண்டு இருக்கா, எல்லாத்தையும் அவன் பாத்துச் சொல்லணும். சொல்ல எதுவுமே இல்லன்னாலும் பதினஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ ‘இருக்கேன்’னு மட்டும் சொல்லிட்டே இருக்கணும்.”

“அப்படி எத்தன பேர உக்கார வெச்சிருக்க?”

“இருநூத்திப் பன்னெண்டு.”

“இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க! ஒண்ணாவது ஞாயித்துக்கெழம வந்து எட்டிப் பாக்குதா, பாரு!”

எல்லாரும் சிரிப்பார்கள். தொரிகாவும் சிரிப்பாள். பிறகு பேச்சு யார் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள், யாருக்கு விசா வந்தது என்று திரும்பிவிடும். அவள் மீனின் முள்ளை மெதுவாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை காலை எலுமிச்சை இலைத் தேநீர் போடுவதற்கு முன்பே அவள் இருநூற்றுப் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். அதனால் அவளுடைய திரை எப்போதும் ரேகைகளால் மங்கியிருக்கும். புதிதாக வைத்த ஏஜென்டிடமிருந்து முதல் ‘இருக்கேன்’ வந்ததும், “வந்துட்டியா? உக்காரு” என்று வாய்விட்டுச் சொல்வாள். ஒரு புள்ளி சிவந்தால் அவளுக்குக் கவலை கிடையாது. “வலிக்குதுன்னு சொல்றவன் உசிரோட இருக்கான்” என்பாள். புள்ளி சாம்பல் நிறமானால்தான் நாற்காலியின் நுனிக்கு வருவாள். சாம்பல் என்றால் சத்தமே இல்லை.

வேலையில் அவள் செய்த பெரிய பிழை ஒன்று உண்டு. ஏஜென்டைப் பெட்டிக்குள் வைத்தால் மட்டும் போதாது. வெளியே இருக்கும் இயந்திரத்தைப் பார்க்க அதற்கு வழி திறந்துவிட வேண்டும். அமைப்புக் கோப்பில் மூன்றே வரிகள். ஒரு முறை அவற்றை மறந்துவிட்டாள். ஒன்பது நாள் அந்த ஏஜென்ட் தன் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு, இடம் தாராளம், சூடு இல்லை, எல்லாம் நலம் என்று பச்சையாகவே சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே இயந்திரத்தில் டிஸ்க் நிரம்பி, தடுப்பூசி ஃப்ரிட்ஜின் பதிவு நின்றே போயிருந்தது. அங்கிருந்த நர்ஸ் தாளிலும் குறித்து வைத்திருந்ததால் மருந்து தப்பியது. டோர்சாமி அவளைத் திட்டவில்லை. “ஜன்னலே இல்லாத ரூம்ல ஆளப் பூட்டிட்டு மழ வருதான்னு கேட்டிருக்க, தொரிகா” என்றான். அன்றிலிருந்து எதை அனுப்பும் முன்பும் அந்த மூன்று வரிகளை அவள் சத்தமாகப் படிப்பாள். ஒவ்வொரு வரிக்கும் பின்னாலிருந்து டோர்சாமி “தொறந்தாச்சு” என்பான். அவன் போன பிறகு இரண்டையும் அவளே சொல்கிறாள்.

அவன் எழுதி வைத்ததாகச் சொன்ன கடிதத்தை அவள் தேடினாள். மேசை இழுப்பறை, அவன் நாற்காலியின் அடி, தேயிலை டப்பா, பழைய மின்னஞ்சல்கள். எங்கும் இல்லை. சிட்னியிலிருந்து முதல் மாதம் இரண்டு முறை கூப்பிட்டான். பேரனுக்குக் காய்ச்சல், குளிர் அதிகம், பஸ் சரியான நேரத்துக்கு வருகிறது. அவளும் மழை என்றாள். கடிதத்தைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. பிறகு தீபாவளிக்கு எல்லாருக்கும் அனுப்பும் விளக்குப் படம் ஒன்று வந்தது. அவள் ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். அதோடு சரி.

ஆனால் அவன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஏஜென்டுக்கு விதிகள் எழுதுவார்கள்: இது இப்படி ஆனால் இந்தச் செய்தியை அனுப்பு என்று. செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். அது எப்போது போகும் என்று எழுதியவனுக்கே தெரியாது. தொரிகா எழுதினால் ‘டிஸ்க் 90%’ என்பதோடு முடியும். டோர்சாமிக்கு அது போதாது. அவன் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் வந்தது: “தொரிகா, டிஸ்க் ரொம்புது. மொதல்ல டீயக் குடி, ஓடிப் போயிடாது.” டிசம்பரில் இன்னொன்று: “பேட்டரி எறங்குது. வெயில் வரட்டும். நீயும் கொஞ்சம் வெளிய போய் நில்லு.” அன்று அவள் உண்மையிலேயே படியிறங்கிக் கடை வாசலில் நின்றுவிட்டு வந்தாள்.

புதிய மேலாளர் ஷல்வினுக்கு முப்பது வயது இருக்கும். வேலை தெரிந்தவன், கெட்டவன் அல்ல. பழைய ஏஜென்டுகளை எடுத்துவிட்டுப் புதிய வகையைப் போடச் சொன்னான். புதியது போய்ச் சேர்ந்ததும் பழைய பெட்டியைத் தானே நிறுத்திவிடும். பழைய விதிகளும் அதோடு போய்விடும். புதிய செய்திகள் தயாரிக்கும் நிறுவனத்திலேயே எழுதப்பட்டு வருபவை. அவற்றில் டீ கிடையாது. இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாக மாற்றினாள். கடைசியில் டோர்சாமியின் விதிகளோடு ஓடியது தொகலுவா மட்டும்தான். அவன் போன அன்று அவள் அனுப்பியது அது. கோப்பை எழுதி வைத்தவன் அவன்.

தொகலுவாவின் விதிப் பட்டியலை ஒரு நாள் பொறுமையாகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மொத்தம் ஒன்பது பெயர்கள். எட்டு, வழக்கமானவை. ஒன்பதாவதின் பெயர் ‘தொரிகாவுக்கு’. நிலை: காத்திருக்கிறது.

ஷல்வின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “அக்கா, கோப்பத் தொறந்தா உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுரும். ஒரு நிமிஷ வேல.”

“தபால்காரர் பையில கைய விட்டு உன் லெட்டர நீயே எடுத்துக்குவியா?”

“எப்ப வரும்னாவது பாக்கலாமே.”

“வரும்போது வரட்டும்.”

“வராமயே போச்சுன்னா?”

தொரிகா பட்டியலை மூடினாள். படித்துவிட்டால் அதற்குப் பிறகு வருவதற்கு ஒன்றும் இருக்காது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அதனால் தொகலுவாவைத் தள்ளிப்போட்டாள். கடல் சரியில்லை, ஆன்டெனாவை நம்ப முடியாது, நர்ஸ் விடுப்பில் இருக்கிறாள். இரண்டு வருடம் தாண்டி வந்த மார்ச்சில் புயல் அடித்தபோது தொகலுவா சாம்பலானது. ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல். இருநூற்றுப் பதினோரு புள்ளிகளையும் விட்டுவிட்டு அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரவள்ளிக்கிழங்கு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது. இரண்டாம் நாள் மாலை நர்ஸ் லோசலினி கூப்பிட்டாள்.

“ஆன்டெனாதான் விழுந்துச்சு, நிமித்தி வெச்சாச்சு. இங்க எல்லாரும் பத்திரம், நீ கேக்கலன்னாலும் சொல்றேன்.”

“ஐயோ, கேக்கத்தான் வந்தேன்…”

“பொய்! பெட்டிக்கு என்ன ஆச்சுன்னுதான் கேக்க வந்த. அது நிக்கவே இல்ல, ஓடிட்டேதான் இருந்துச்சு. கூரை பறந்தாக்கூட அது ஓடும்போல. பக்கத்துல படுத்து தாலாட்டு வேற பாடணுமா?”

புள்ளி பச்சையானது. விட்டுப்போன இரண்டு நாளின் ‘இருக்கேன்’களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. தொரிகா ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

மே மாதம் ஷல்வின் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அக்கா, இதுக்கு மேல என்னால தள்ள முடியாது. பழசுக்கு இனிமே யாரும் பாதுகாப்புத் திருத்தம் தரமாட்டாங்க. எவனாவது உள்ள புகுந்தா நோயாளிங்க விவரமெல்லாம் அங்கதான் இருக்கு. வெள்ளிக்குள்ள மாத்தணும்.” பிறகு, “கோப்ப மட்டும் நான் எடுத்துத் தனியா வெச்சுடட்டுமா?” என்றான்.

“வேணாம்” என்றாள். நோயாளிகள் என்று அவன் சொன்ன பிறகு வேறு சாக்கு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, மே பதின்மூன்று. பத்து மணிக்கு மழை விட்டிருந்தது. மூன்று வரிகளைச் சத்தமாகப் படித்தாள். மூன்று முறை “தொறந்தாச்சு” சொன்னாள். பிறகு புதியதை அனுப்பினாள். விரல் திரைக்குப் போனது. இருபது. முப்பத்தைந்து. கோடு நூறைத் தொட்டால் பழைய பெட்டி நிற்கும். அவள் விரல் கோட்டுக்கு முன்னால் போகவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கியே போனது. அறுபது.

பதினொன்றுக்குச் சில நிமிடம் இருக்கும்போது மணி ஒலித்தது. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை. தொகலுவாவிலிருந்து நீல நிறத்தில் ஒரு செய்தி. நீலம் என்றால் தகவல் மட்டும். அந்த நிறத்தை அவள் அதற்கு முன் திரையில் பார்த்ததே இல்லை.

“தொரிகா, இது நிக்காம ஆயிரம் நாள் ஓடியிருக்கு. அன்னிக்கு நீ அனுப்பினது போய்ச் சேந்துச்சான்னு பாக்காமயே நான் கெளம்பிட்டேன். இது உனக்கு வந்தா சேந்துச்சுன்னு அர்த்தம். நீ திரும்பிப் பாக்காததுல எனக்குக் கோவம் இல்ல, கைய எடுக்க மாட்டேன்னு தெரியும். ஆனா இன்னிக்கு அவசரம் ஒண்ணும் கெடையாது. கைய எடு. எந்திரி. - டோர்.”

கோடு அறுபத்தொன்றுக்குப் போனது. தொரிகா திரையிலிருந்து விரலை எடுத்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.