புறவாசல் படிக்கல்

சர்வேயர் எங்கள் வீட்டுப் புறவாசல் படியில் நின்றுகொண்டு, நான் கொடுத்த டீயைக் குடித்தபடிதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ஏம்மா, இந்த வாய்க்கால் கரையில ஒரு சர்வே கல்லு இருந்திருக்கணுமே. பழைய படத்துல இருக்கு. நீங்க பிறந்ததுல இருந்து விளாங்குடியிலதான இருக்கீங்க, பாத்த ஞாபகம் இருக்கா?”

அவர் எதன் மேல் நின்றுகொண்டிருந்தாரோ அதுதான் அந்தக் கல்.

“தெரியலையே சார்” என்றேன். அறுபது வயதில், கர்த்தருக்குப் பயந்து வளர்ந்த ஒரு பொம்பளை, கண்ணை இமைக்காமல் சொன்ன பொய் அது. சொன்ன கையோடு எதிரே பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு வாசலில் கொத்தனார் அண்ணன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய வலது கால் பெருவிரல் கோணல். நகம் பாதிதான் இருக்கும். நான் அந்த விரலைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

வாய்க்கால் என்று சொல்கிறேனே தவிர, இப்போது அது நாற்றமடிக்கிற ஒரு சாக்கடை. ஒரே எட்டில் தாண்டிவிடலாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வைகையிலிருந்து வந்த தண்ணீர் அதில் இடுப்பளவு ஓடி, கண்மாய்க்குப் போகும். கிழக்குக் கரையில் நாங்கள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். மேற்குக் கரையில் அண்ணன் குடும்பம். அவர் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பிறகு வயலெல்லாம் பிளாட் ஆனது, வாய்க்காலும் வற்றியது. இரண்டு கரையிலும் வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உள்ளே வந்தன. யார் எவ்வளவு வந்தோம் என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

அதை அளக்கச் சொல்லி மனுப் போட்டது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

அப்பா பார்த்த அதே கிளார்க் வேலையைத்தான் நானும் பார்த்தேன். ஓய்வு பெறுகிற வருஷம் பள்ளிக்கூட ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது, துணியில் ஒட்டிய ஒரு பழைய வரைபடம் கிடைத்தது. குப்பைக்குப் போகவேண்டியது. கேட்டுவிட்டு எடுத்துவந்தேன். விரித்தால், வைகைக்கு வடக்கே இருந்த அத்தனை வாய்க்காலும் நீலக் கோடுகளாக இருந்தன. எங்கள் வாய்க்காலும் இருந்தது, மடையும் இருந்தது. எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சோறு பொங்க வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு குழைந்துபோகும், வீட்டுக்காரர் திட்டுவார்.

அந்த ஐப்பசி மழையில் தெரு முழுக்க முழங்காலளவு சாக்கடைத் தண்ணீர் நின்றது. அது போக வழியில்லை. தெருக்காரர்கள் கூடிப் பேசிய இடத்துக்கு நான் படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். “இதுதான் வழி, இதை அளந்து வெட்டிவிடச் சொல்லுவோம்” என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். “இந்த முக்கோணம் இருக்குல்ல, இது ஒவ்வொன்னும் ஒரு சர்க்கார் கல்லு. இதுல இருந்துதான் அளப்பாக” என்று மடைக்குப் பக்கத்தில் இருந்த முக்கோணத்தின் மேல் விரலை வைத்தேன். வைத்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. நான் எதன் மேல் விரல் வைத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அவருக்குப் பன்னிரண்டு. மழைக்காலத்தில் அம்மா அடுப்படிப் புறவாசலில் வழுக்கி விழுந்து, “ஒரு படிக்கல்லு போட்டுத் தர ஆளில்ல இந்த வீட்டுல” என்று அழுதார். அந்த வாரம்தான் ஒரு செங்கல் லாரி பின்னால் வரும்போது இடித்து, மடையோரம் நின்ற கல் தரைமட்டத்தில் ஒடிந்து கிடந்தது. மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம், மழமழவென்று நல்ல கல். ஒடிந்த கல்தானே என்று அவரைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு வந்தோம். வேலியருகே அது புரண்டு அவர் கால் விரலில் விழுந்தது. அவர் கத்தவில்லை. கத்தினால் என் அப்பா வந்துவிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கல்லில் அம்புக்குறி வெட்டியிருந்தது. அதைப் பார்த்தால் சர்க்கார் கல் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் குறி இருந்த பக்கத்தை மண்ணுக்குள் திருப்பி வைத்தோம். அம்மாவுக்கு அம்புட்டு சந்தோஷம். “எங்கருந்துடி?” என்றார். “கெடந்துச்சும்மா” என்றேன். அந்தக் கல்லைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

சில வருஷம் கழித்து அப்பா அடுப்படியை நீட்டிக் கட்டினார், பக்கத்தில் ஒரு அறையும் போட்டார். கல் இருந்திருந்தால் நீட்டியிருக்க மாட்டார். கல் நின்ற இடத்தில் வாழை வைத்தார். தரையைப் புதுப்பித்தபோது வேலைக்கு வந்தது, அதற்குள் கொத்தனாராகிவிட்ட அண்ணன்தான். கல்லைப் பெயர்த்துவிட்டு, என்னை மட்டும் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்: “பாப்பா, குறிய மேல வைக்கவா, கீழ வைக்கவா?” அவருக்கு நான் இன்றைக்கும் பாப்பாதான். “சும்மா இருங்கண்ணே” என்றேன். கீழேயே வைத்தார்.

ஆக, சர்வேயர் கேட்டபோது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் பதில் தெரியும்.

கல் இல்லாததால் சர்வேயர் திண்டுக்கல் ரோட்டோரம் இருந்த இன்னொரு கல்லிலிருந்து அளந்தார். “ரோட்ட அகலப்படுத்துனப்ப அதப் புடுங்கித் திருப்பி நட்டிருக்காங்க. சரியா நட்டாங்களான்னு சத்தியம் பண்ண முடியாது. நல்ல கல்லு ஒன்னு இருந்தா கோடு மாறும். இப்ப வேற வழியில்ல” என்றார். அப்படி அளந்ததில் வாய்க்கால் மேற்கே ஒதுங்கிப்போனது. அண்ணன் வீட்டுப் பக்கச்சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் வாய்க்கால், இடிக்கப்படும். அவர் வீடே இரண்டு அறைதான். அதில் ஒன்று போய்விடும். அவரே கல் சுமந்து, அவரே பூசி, லீவு நாட்களில் கட்டிய வீடு. “ரெண்டு வாரத்துல மறுபடி வாரேன். ஆட்சேபணை இருந்தா அப்பச் சொல்லுங்க. அதோட ஃபைனல்” என்று சொல்லிவிட்டு சர்வேயர் போய்விட்டார்.

அந்த இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல கல்லிலிருந்து அளந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அளக்காமலே தெரியும். வாழைமரத்தடியிலிருந்து கோடு இழுத்தால் அது நேரே எங்கள் அடுப்படிக்குள் நுழைந்து, பக்கத்து அறையை அறுத்துக்கொண்டு போகும். அந்த அறையில்தான் அம்மா படுத்துச் செத்தார். இப்போது முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். “மனுப் போட்டதே நீ. இப்ப வாயத் தொறந்து அடுப்படியையும் குடுத்துட்டு வா. ரெண்டு பேரும் தெருவுல பொங்கித் திம்போம்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொன்னது தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

பாத்திரம் கழுவ வெளியே வந்தால் படியை மிதிக்கவேண்டும்.  மிதிக்க மனசில்லாமல் தாண்டிக் குதிக்க ஆரம்பித்தேன். எதிர்வீட்டில் அண்ணன் முன்புறத் தகரக் கொட்டகையைத் தானே பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தமில்லை, ஒரு ஏச்சில்லை. திட்டினாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், பழகின தோஷம், கூடப்பிறக்காத தங்கச்சி என்று நினைக்கிறார் என்றே எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணுவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பத்தாம் நாளோ என்னவோ, அண்ணன் சம்சாரம் ஒரு பிளாஸ்டிக் பையில் பட்டா, வரி ரசீதெல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தது.

“அக்கா, உங்க படத்துல ஏதாச்சும் வழி இருக்கான்னு பாருங்களேன். எனக்கு இந்தக் கோடெல்லாம் வெளங்கல. ஒரு நல்ல கல்லு இருந்தா மாறும்னு அந்த சார் சொன்னாருல்ல? இதுல எங்கிட்டாவது போட்டிருக்கா?”

படத்தை மேஜையில் விரித்தேன். அது குனிந்து பார்த்தது. நான் வாய்க்காலைக் காட்டினேன், கண்மாயைக் காட்டினேன், ரோட்டைக் காட்டினேன். காட்டும்போதெல்லாம் என் இடது கைக் கட்டைவிரல் அந்த முக்கோணத்தின் மேல் இருந்தது. எடுக்கவேயில்லை. “ஒன்னும் தெரியலையேம்மா” என்றேன். “சரிக்கா, உங்களுக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியும்” என்று பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அது போன பிறகு விரலை எடுத்தேன். வியர்வை பட்டு, துணியில் அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று வாய்விட்டே சொன்னேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் “யாரு?” என்றார்.

சர்வேயர் மறுபடி வந்த அன்று காலையிலேயே வானம் இருட்டிக்கிடந்தது. டீ கொடுக்கவில்லை. டீ போட்டால் அதைச் சாக்காக வைத்து உள்ளேயே நின்றுவிடுவேன் என்று பயம். அவர் நோட்டைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

“சார், நீங்க நிக்கிறீங்களே, அந்தப் படிதான் சார் அந்தக் கல்லு.”

அவர் துள்ளி இறங்கினார். ஒன்றுவிடாமல் சொன்னேன்: லாரி, மடை, அம்மா விழுந்தது, அம்புக்குறி. “அன்னைக்குக் கேட்டப்ப தெரியலைன்னீங்களே?” என்றார். “பொய் சொன்னேன் சார்” என்றேன்.  “நகர்ந்த கல்ல வச்சு அளக்க முடியாதும்மா. நின்ன இடம் தெரியணுமே.” வாழைமரத்தைக் காட்டினேன். “ஒடிஞ்ச அடித்துண்டு மண்ணுக்குள்ளதான் சார் இருக்கும். நாங்க மேல்துண்ட மட்டுந்தான் எடுத்தோம்.”

‘நாங்க’ என்ற பிறகுதான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கடப்பாரையோடு வாய்க்காலைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

வாழைக்கிழங்குக்குக் கீழே, முழங்கை ஆழத்தில், அது இருந்தது. அண்ணன் படிக்கல்லைப் பெயர்த்துப் புரட்டினார். நாங்கள் மிதித்த பக்கம் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. குறி இருந்த பக்கம் நேற்று வெட்டியதுபோல இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிப் போனோம். ஒடிந்த வாயும் ஒடிந்த வாயும் மயிரிழை விடாமல் பொருந்தின. சர்வேயர் அதிலிருந்து அளந்தார். அண்ணன் வீட்டுச் சிவப்புக் கோட்டைச் சர்வேயரின் ஆள் வெள்ளைப் பெயின்டால் அழித்துவிட்டு, சிவப்பு டப்பாவைத் திறந்து எங்கள் அடுப்படிச் சுவருக்கு வந்தான். கோடு அம்மா மாட்டிய அஞ்சறைப்பெட்டிப் பலகைக்கு நடுவில் விழுந்தது. 

சர்வேயர் நோட்டில் எழுதியதை வாசித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார். “கல் சிறுபிள்ளை விளையாட்டில் இடம் மாறியது” என்று எழுதியிருந்தார். பெரிய மனசு பண்ணித்தான் அப்படி எழுதினார்.

அவர்கள் போனதும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “ரெண்டு வாரமா நீங்க ஏண்ணே வாயத் தொறக்கல? எனக்காகப் பாத்தீகளாக்கும்? உங்க வீடு போனாலும் பரவால்லைன்னு நெனச்சீகளா?”

அண்ணன் கடப்பாரையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

“உனக்காக எல்லாம் இல்ல பாப்பா” என்றார். “நீ சொன்னதால வெளையாட்டுன்னு எழுதிட்டுப் போறாரு. நான் சொல்லியிருந்தா சர்க்கார் கல்லத் திருடுனவன்னு எழுதியிருப்பாக. அன்னைக்குப் பன்னெண்டு வயசுலயே எனக்கு அது தெரியும். அதான் விரல் நசுங்குனப்பக்கூட கத்தல.”

 உங்க அப்பாவுக்குப் பயந்துதான் என்று அவர் அன்று அழுதுகொண்டே சொன்னதை, என் அப்பாவின் பிரம்புக்குப் பயம் என்றே நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மழை தூற ஆரம்பித்தது. அடுப்பில் உலை வைக்கவேண்டும். நான் புறவாசலுக்கு நடந்தேன். பின்னாலிருந்து அண்ணன் சத்தம் கொடுத்தார்.

“பாத்து ஏறு பாப்பா. படி இல்ல.”