அண்ணன் ரத்தத்து இரும்பு

கொரோனாவையே ஜெயித்து வந்த அண்ணனை ஒரு பூஞ்சை கொண்டுபோகும் என்று எவன் நினைத்தான்? ஸ்ரீவைகுண்டத்தில் வாழை போட்டுக்கொண்டிருந்தவன். சர்க்கரை நோய் ஏற்கெனவே உண்டு. ஸ்டீராய்டு ஊசி போட்டுக் காப்பாற்றி அனுப்பினார்கள். எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பிடிவாதம். சீனிதான் விஷம், கருப்பட்டி சர்க்கரைக்காரனுக்கும் மருந்து. "இரும்புச் சத்துல்லா இருக்கு, ரத்தம் ஊறும்" என்று பார்க்க வந்த ஒவ்வொருவரும் கருப்பட்டியோடுதான் வந்தார்கள். மதினி வேளை தவறாமல் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அண்ணனும் ஆசையாகக் குடித்தான்.

பிறகு கன்னம் வீங்கியது. மூக்கில் கறுப்பாக வடிந்தது. பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் என்னையும் மதினியையும் உட்காரவைத்துச் சொன்னார்: "கரும்பூஞ்சை. அது வளர இரும்பு வேணும். நம்ம ரத்தத்துல இரும்பை ஒரு புரதம் இறுக்கிப் பிடிச்சிருக்கும், பூஞ்சைக்கு எட்டாது. சர்க்கரை கன்னாபின்னானு ஏறி ரத்தத்துல அமிலம் கூடினா அந்தப் பிடி விட்டுரும். விட்ட இரும்பை இது தின்னுது."

வெளியே வந்ததும் மதினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் ஆத்தி ஆத்திக் கொடுத்ததெல்லாம் அந்தச் சனியனுக்குத்தானா தம்பி?"

"ஊசியும்தான் சர்க்கரைய ஏத்திச்சு மயினி" என்றேன். அதுவும் உண்மைதான். அவள் காதில் ஏறவே இல்லை.

ஒரு கண்ணை எடுத்தார்கள். பாழாய்ப்போன பூஞ்சை அதற்குள் மூளைக்குப் போயிருந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் கேட்டது கருப்பட்டிக் காப்பி. மதினியால் முடியவில்லை. கருப்பட்டியைக் கையில் எடுப்பாள், உடனே வைத்துவிடுவாள். வெறும் கஞ்சியோடு போய் நிற்பாள். நான் போட்டுத் தருகிறேன் என்றாலும் விடமாட்டாள்.

ஒருநாள் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். "ஏலே, கண்ணு போனதும் ஒம் மயினிக்கு எம்மேல பிரியமும் போயிட்டுலே. ஒரு வாய்க் காப்பிக்கு மூக்கால அழுதா."

காரணத்தைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். மதினி அடுக்களை வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அப்படி நினைத்துக்கொண்டேதான் அண்ணன் செத்தான்.