பெரியம்மா எழுதிய சீடி

பெரியம்மாவுக்கு போட்டோ ஸ்டூடியோவில் ஆல்பம் தயாரிக்கும் வேலை. கம்ப்யூட்டரில் பருவை அழிப்பாள், மூடிய கண்ணைத் திறப்பாள். "கடவுள் விட்ட இடத்துல நான் ஒட்டு போடறேன்" என்பாள். கல்லூரி விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். பிரிண்டர் மையும் முகப்பவுடரும் கலந்த அந்த அறையின் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்மா. வேற வழியில்ல."

"அழிக்கறதா? தையல்காரரோட அம்மா உள்ள இருக்காங்களே!"

எதிர்க்கடை தையல்காரர் போன வாரம்தான் தன் தாயைக் கூட்டிவந்து முதன்முதலாகப் படம் எடுத்திருந்தார். நாலாம் நாள் அந்த அம்மா தவறிவிட்டார். கேமராவிலிருந்து எப்போதோ அழித்தாகிவிட்டது. படம் இருந்தது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். அவரிடம் எப்படிச் சொல்வதென்று பெரியம்மா கையைப் பிசைந்தாள்.

பக்கத்து இன்டர்நெட் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். கம்ப்யூட்டரை இயக்கும் ஓஎஸ்ஸிலேயே, சீடியிலிருந்து ஓடுகிற ஒன்று இலவசமாகக் கிடைக்கிறதாம்; உள்ளே இருக்கும் படங்களைத் தொடாமலே கம்ப்யூட்டரைத் திறந்துவிடுமாம். அவரே டவுன்லோடு செய்து பென் டிரைவில் கொடுத்தார். பெரியம்மா ஸ்டூடியோவின் இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைப் பாட்டு காப்பி செய்வதுபோல சீடியில் போட்டாள். அதைப் படுத்த கம்ப்யூட்டரில் செருகினால், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி போட்டாள். அதே கதை.

"டீ கிளாஸ் வைக்க நல்ல தட்டாச்சு" என்று சிரித்தார் ஸ்டூடியோ முதலாளி.

"நீங்க சும்மா இருங்க!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு இன்டர்நெட் கடைக்குப் போன் போட்டாள்.

"ஐயோ அக்கா, அது பூட்டின பெட்டி மாதிரி. அப்படியே தூக்கி வச்சா ஆகாது. 'இமேஜை எழுது'ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதைத் தட்டுங்க. இமேஜ்னா இங்க போட்டோ இல்ல, அந்த ஃபைல்தான். வேகத்தையும் குறைச்சு வைங்க."

இந்த முறை சீடி நிதானமாகச் சுழன்றது. பெரியம்மா பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது சீடி சூடாக இருந்தது. படுத்த கம்ப்யூட்டரில் அதைச் செருகி, முதலில் சீடியைப் படிக்கும்படி அமைப்பை மாற்றினோம். நீலத்திரை மலர்ந்தது. 'இன்ஸ்டால் செய்', 'செய்யாமலே பயன்படுத்திப் பார்' என இரண்டு வழி காட்டியது.

"அவசரப்படாதே" என்று தனக்கே சொல்லிக்கொண்டு இரண்டாவதைத் தட்டினாள்.

பழைய ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசி ஃபோல்டரில், கேமராவுக்குக் கூச்சப்பட்டு வாயைப் பொத்திச் சிரிக்கும் ஒரு அம்மா. பெரியம்மா கண்ணைத் துடைத்தபடியே எல்லாப் படங்களையும் பென் டிரைவுக்கு மாற்றினாள். அதன் பிறகுதான் பழையதை அழித்துப் புதியதை இன்ஸ்டால் செய்தாள்.

படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தபோது தையல்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பொத்தின கையை எடுத்துடட்டுமா? என்னால முடியும்" என்றாள் பெரியம்மா.

"வேணாம்மா. அம்மா சிரிச்சா அப்படித்தான் இருப்பாங்க."

பெரியம்மா ஒட்டுப் போடாமல் அனுப்பிய படம் அது ஒன்றுதான். அடுத்த வாரம் அவர் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் சீடி வைக்க ஒரு சின்னப் பையும் இருந்தது.