ஆயுத பூஜையன்று எடுத்த படம்

மைசூரில் தசரா யானைகள் ஒத்திகை நடைக்கு இறங்கும் அதே வாரங்களில் போலீசாரும் ஓர் அணிவகுப்பு நடத்துவார்கள். அதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் யாரும் வருவதில்லை. ரவுடி ஷீட் என்று ஒன்று உண்டு. அடிதடியில் சிக்கியவன் பேரில் ஸ்டேஷனில் திறந்து வைக்கிற தனிக் கோப்பு அது. அப்படிக் கோப்பு உள்ளவர்களை எல்லாம் மைதானத்துக்கு வரவழைத்து வரிசையாக நிறுத்துவார்கள். அதிகாரி ஒவ்வொருவன் முன்னாலும் நின்று, என்ன தொழில், எங்கே குடியிருப்பு, பழைய கூட்டாளிகள் பழக்கம் உண்டா என்று கேட்பார். தோளில் புரளும் முடியோடு வந்தவனை வெட்டிக்கொண்டு வரச் சொல்வார். பண்டிகை முடிகிறவரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று மிரட்டி அனுப்புவார். என் தம்பி அந்த வரிசையில் பல வருடங்கள் நின்றிருக்கிறான்.

நான் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். அதனால் அந்த அணிவகுப்பைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பண்டிகைக் காலம் என்றாலே எங்கள் பிரிவில் படுக்கை காலி இருக்காது. அரிவாளைக் கையால் தடுத்தவர்கள் விரல்களை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். காரணம் கேட்டால் வண்டி உரசியது என்பார்கள், முறைத்துப் பார்த்தான் என்பார்கள். பிறகு போலீஸ் கெடுபிடி வந்தது. ரோந்து வண்டி கூடியது, முச்சந்திகளில் கேமரா ஏறியது. இளநீர்க்காரர்களும் கறிக்கடைக்காரர்களும் கடை மூடும்போது அரிவாளை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும் என்றார்கள். அரிவாளைத் தூக்கிப் பிடித்து போனில் படம் போடுகிற வீரர்களைத் தேடிப் பிடித்தார்கள். வெட்டுக்காயம் குறைந்தது உண்மை. கணக்கு என்னிடம் கிடையாது, ஆனால் தையல் போடுகிறவர்களுக்குத் தெரியும்.

தம்பிக்கு அந்தக் கோப்பைத் திறந்தபோது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டது. இவன் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது, எதிராளிக்கு முன்பல் போயிற்று. என் தம்பி ஆயிற்றே என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. அடித்தவன் அவன்தான். வழக்கு சமாதானமாக முடிந்தது, ஷீட் முடியவில்லை. அதன் பிறகு அவன் தொழில் கற்றுக்கொண்டு டூவீலர் ஒர்க்‌ஷாப் போட்டான், கல்யாணம் செய்தான், ஒரு பெண் பிறந்தாள். ஆனாலும் எங்கள் பகுதியில் எவன் எவனை அடித்தாலும் போலீசார் முதலில் தட்டுவது இவன் கதவைத்தான். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? மகள் கேட்டபோது, போலீஸ் பைக்குகளை சர்வீஸ் செய்யத்தான் அப்பா ஸ்டேஷனுக்குப் போகிறார் என்று தம்பி மனைவி ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். குடும்பமே அதைக் கட்டிக் காத்தது.

அந்த வருடம் புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பல வருடங்களாக ஒழுங்காகப் பிழைக்கிறவர்களின் ஷீட்டை மூடப் போகிறோம் என்று மைதானத்திலேயே அறிவித்தார். அடிப்பது மட்டும் வழியில்லை, திருந்தியவனை விட்டுவிடுவதும் ஒரு வழிதான் என்பது அவர் கட்சி. விசாரிக்கத் தம்பியோடு என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்.

"தசரா முடியட்டும் சிஸ்டர். நானே எழுதி மேலே அனுப்புகிறேன். அதுவரை இவன்மேல் ஒரு தூசிகூட விழக்கூடாது" என்றார் கன்னடத்தில்.

வெளியே வந்ததும் தம்பி பைக்கைக் கிளப்பாமல் நின்றான்.

"இந்த ஒருக்காத் தாண்டிட்டாப் போதுங்கா. பாப்பா ஹைஸ்கூல் போயிருச்சு. இன்னும் எத்தன நாளைக்கு போலீஸ் பைக்கு சர்வீசுன்னே சொல்லீட்டு இருக்கறது? அவளுக்குத் தெரியறதுக்குள்ள இது போயிரோணும்."

எங்கள் குடும்பம் தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பயம் வந்தால் அவன் வாயில் அந்த ஊர்த் தமிழ்தான் வரும்.

ஆயுத பூஜையன்று நான் டியூட்டி முடித்து நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இந்த ஊரில் அன்றைக்கு இரும்பாக இருக்கிற எதுவும் பொட்டில்லாமல் தப்பாது. ஸ்பேனர்கள், ஜாக்கி, காற்றடிக்கிற மெஷின் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. பூசணிக்காய் உடைக்கப் பக்கத்து இளநீர்க்காரர் தன் அரிவாளைக் கொடுத்தார். தம்பி மனைவி அதையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாள்.

"நம்ம கடைக்குள்ள வந்த இரும்புக்குப் பொட்டு வெக்காம உடலாமுங்களா?" என்றாள்.

பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமத் தண்ணீர் ஊற்றி, மேலே கற்பூரம் ஏற்றினார்கள். தம்பி இரண்டு கையாலும் அரிவாளைத் தூக்கி ஒரே போடு போட்டான். சிவப்புத் தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. எல்லாரும் கை தட்டினோம். ரவுடி ஷீட் உள்ளவன் கையில் அரிவாள் இருக்கிறதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூசணிக்காய் உடைக்கிறவனைப் பார்த்து யாருக்கு அப்படித் தோன்றும்? பாப்பா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் இரண்டு போலீசார் வந்து தம்பியை அழைத்துப் போய்விட்டார்கள் என்று அவன் மனைவி போன் செய்தாள். நான் யூனிஃபார்மோடு வார்டிலிருந்து ஓடினேன். ஸ்டேஷன் பெஞ்சில் நாலைந்து பயல்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்தநாள் கேக்கை வீச்சரிவாளால் வெட்டி அதைப் படமாகப் போட்டவர்கள். அவர்களோடு கடைசியில் என் தம்பி, தலை நரைக்கத் தொடங்கியவன்.

இன்ஸ்பெக்டர் ஊர்வல பந்தோபஸ்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். தன் போனை என் பக்கம் திருப்பினார். தம்பி அரிவாளும் கையுமாக நிற்கிறான். சட்டையில் சிவப்பு, தரையில் சிவப்பு. குறுக்கே நின்ற பைக் மறைத்ததில் பூசணிக்காய் மட்டும் படத்தில் இல்லை. எவருடைய ஸ்டேட்டஸிலோ வந்து, கை மாறி, இந்த மாதிரிப் படங்களைக் கண்காணிக்கிற போலீசாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"சார், அது பூசணிக்காய்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா சிஸ்டர்? நேற்று எங்கள் துப்பாக்கிகளுக்கும் இங்கே பூஜைதான்." பின்னால் துப்பாக்கி அடுக்கில் செவ்வந்தி மாலை தொங்கியது. "ஆனால் படம் மேலே போய்விட்டு அங்கிருந்து எனக்கு வந்திருக்கிறது. அந்தப் பயல்களும் சும்மா கேக்தான் வெட்டினோம் என்கிறார்கள். இவனை மட்டும் விட்டால் அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் கோபத்தைக் கூட்டியது. அரிவாளோடு போஸ் கொடுத்துப் பழகிய கை பிறகு என்ன செய்யும் என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியவள், அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தை அவர்மேல் காட்ட முடியாமல் தம்பிமேல் காட்டினேன்.

"உனக்காவது புத்தி வேண்டாமாடா?"

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்துக் கேட்டார்.

"யார் எடுத்த படம் இது?"

"கடைக்கு வந்த கஸ்டமர் சார்."

"பெயர்?"

"தெரியாது சார்."

"தெரியாதவன் எடுத்துப் போட்டானா? போட்டவன்மேலும் கேஸ் வரும், தெரியுமல்லவா?"

"எது போடறதானாலும் என்மேலயே போட்டுக்கங்க சார்" என்றான் தம்பி.

அப்போதுதான் அவன் மனைவி உள்ளே வந்தாள். அவளுக்கு முன்னால் பாப்பா வந்துகொண்டிருந்தாள். வேண்டாம் என்று தம்பி கையை ஆட்டினான். அவள் பார்க்காதவள் மாதிரி நேராக மேஜைக்குப் போனாள். தமிழைவிட அவளுக்குக் கன்னடம்தான் சரளம், அதில்தான் பேசினாள்.

"படத்தை எடுத்தது நான் சார். ஸ்டேட்டஸில் போட்டதும் நான்தான்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டு, சாமி படம், கோலம் என்று எத்தனையோ இருக்க இதை ஏன் போட்டாய் என்று கேட்டார்.

"மூன்றாம் வகுப்பிலிருந்து ஸ்கூலில் எல்லாரும் எங்கப்பாவை ரவுடி என்கிறார்கள் சார். போலீசில் பேர் இருக்கிறதாம். எங்கப்பாவுக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது, அங்கே இவ்வளவு பெரிதாகப் பூஜை நடக்கிறது என்று அவர்களுக்குக் காட்டத்தான் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, தம்பியிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும்படி ஏட்டிடம் சொன்னார். ஷீட்டை மூடுவது இந்த வருடம் நடக்காது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னார். நான் சரி என்றேன்.

அந்த ஸ்டேஷனில் என் தம்பி அடி வாங்கியிருக்கிறான், அம்மாவை இழுத்துத் திட்டியதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். அங்கே அவன் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.