கயிற்றைப் பிடித்த அதிகாரி

உலகத்தில் உள்ள ஆறுகளெல்லாம் படகுக்கார அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வளைகின்றன. அவள் துடுப்பைத் தூக்கிக் காட்டினால் வெள்ளம் பதினைந்து நாள் லீவு போட்டுவிடும். அவளைக் கண்டால் மீன்கள் எழுந்து நிற்கும். கால் இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை.

அப்பேர்ப்பட்ட அத்தைக்கு ஒரு சொல் மட்டும் ஆகவே ஆகாது. கரை.

“ரெண்டு பொண்ணையும் கரை சேத்துட்டீங்க, இனி என்ன கவலை?” என்பார் கடைக்காரர். எதிர்வீட்டு வக்கீல் சட்டத்தில் கரை கண்டவராம். அவர் வீட்டுக்காரம்மா வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அத்தை பல்லைக் கடித்துக்கொள்வாள்.

“கரைன்னா என்னன்னு இதுகளுக்குத் தெரியுமா? முழங்கால் சேறு. வழுக்குற பாசி. நடு ஆத்துல எவனும் விழ மாட்டான். கரையைப் பாத்ததும் எந்திரிப்பான் பாரு, அங்கதான் விழுவான்.”

அது உண்மைதான். நடு ஆற்றில் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். கரை பத்தடியில் தெரிந்தால் போதும், பையை மாட்டிக்கொண்டு அத்தனை பேரும் ஒரே பக்கம் எழுவார்கள். படகு சாயும். இந்தப் பக்கத்திலாவது படகைக் கட்ட ஒரு கம்பம் இருந்தது. தையல் கம்பெனி இருக்கும் எதிர்ப்பக்கத்தில் அதுவும் இல்லை. யாராவது ஒருவர் சேற்றில் குதித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தால்தான் மற்றவர்கள் இறங்க முடியும். ஒரே ஒரு கம்பம் நட்டுத் தரச் சொல்லி மூன்று வருடமாகப் படகுத்துறை அலுவலகத்துக்கு மனு கொடுத்து அத்தைக்குக் கை ஓய்ந்துவிட்டது.

போன மாதம் கயிற்றைப் பிடித்திருந்த பெண்ணுக்குக் கை நழுவியது. படகு பின்னால் போக, இறங்கிக்கொண்டிருந்த தையல்காரப் பெண் இடுக்கில் விழுந்து கணுக்கால் முறிந்தது. அலுவலகம் மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பதில் எழுதியது. விபத்துக்குப் படகோட்டியின் கவனக்குறைவே காரணம். இன்னொரு முறை நடந்தால் படகு ஓட்டும் உரிமம் ரத்து.

அதே வாரம் அதே அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம். இருபது ஆண்டுகளாகப் பலரைக் கரை சேர்த்த அம்மையாருக்கு எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா.

“ஒரு கையால அறைஞ்சுட்டு இன்னொரு கையால தடவிக் குடுக்கறாங்க” என்றாள் அத்தை. படகுக்குள் தேங்கிய தண்ணீரை அன்று அவள் வாளியால் அள்ளி எறிந்த வேகத்தில் ஆறு ஓர் அங்குலம் ஏறியிருக்கும்.

விழாவன்று காலை படகுத்துறை அதிகாரி அவள் படகிலேயே ஏறினார். வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் ஷூ, மடியில் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். கூடவே ஷிப்டுக்குப் போகும் ஒன்பது தையல்காரப் பெண்கள்.

பாதி வழி வரை அதிகாரி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு ஊமையாக இருந்தார். கரை தெரிந்ததும் தெம்பு வந்துவிட்டது. எழுந்து நின்று, “அம்மா, வாழ்க்கைங்கறதே ஒரு ஆறுதான், பாத்துக்கங்க” என்று தொடங்கினார். படகு சாய்ந்தது.

“உக்காருய்யா.”

பொத்தென்று உட்கார்ந்தார். அத்தை மூங்கில் கழியை ஆற்றடியில் ஊன்றிப் படகை நிறுத்தினாள். கரைக்கு இன்னும் பத்தடி.

“ஏம்மா நிறுத்திட்டீங்க?”

“கயிறு பிடிக்க ஆள் வேணும். கம்பம் இல்லல்ல.”

“அதான் மேலிடத்துக்கு எழுதியிருக்கே.”

“அப்ப மேலிடம் வந்து பிடிக்கட்டும். நாங்க உக்காந்திருக்கோம்.”

“எட்டு மணிக்கு கேட்டை மூடிருவாங்க சார்” என்றாள் ஒருத்தி.

“சும்மா இருடி, சாரோட ஷூ நனைஞ்சிரும்” என்றாள் இன்னொருத்தி.

அதிகாரி நெளிந்தார். “வழக்கமா யாரு பிடிப்பாங்க?”

“இவங்கள்ல ஒருத்தி. அப்புறம் ஈரத்துணியோட நாள் முழுக்க மெஷின்ல உக்காருவா. இன்னிக்கு ஒருத்தியையும் இறக்க மாட்டேன். எவளாவது விழுந்தா என் பொழப்பு போச்சு. கவனமா இருன்னு நீங்கதான எழுதினீங்க? இருக்கேன்.”

அதிகாரி ஒன்பது முகங்களையும் பார்த்தார். ஒன்றுகூட இறங்குகிற முகமாக இல்லை. ஷூவைக் கழற்றினார். இடுப்பளவு தண்ணீரில் கயிற்றோடு இறங்கி நடந்து, கரைச் சேற்றில் முழங்கால் புதைய நின்றார். அத்தை கழியால் தள்ளிப் படகைக் கரையோடு அணைத்தாள். முதல் பெண் இறங்கியதும் படகு ஒரு வெட்டு வெட்டியது. அதிகாரி இரண்டடி வழுக்கி வந்தார்.

“என்னம்மா இந்த இழு இழுக்குது?”

“அப்படித்தான் இழுக்கும். விட்டுறாதீங்க. விட்டா உங்க கவனக்குறைவுன்னு எழுதிருவாங்க.”

ஒன்பதாவது பெண் இறங்கியபோது அவர் உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. மேடையில் பத்திரத்தை வாசித்தவர், ‘கரை சேர்த்த’ என்ற இடத்தில் நின்று கையைப் பார்த்துக்கொண்டார். அதற்குமேல் வாசிக்கவில்லை. நான்காம் நாள் எதிர்க்கரையில் சிமெண்டுக்குள் ஓர் இரும்புக் கம்பம் நின்றது. கவனக்குறைவு என்று எழுதியதைத் திரும்பப் பெறுவதாக அவரே கையெழுத்துப் போட்டுக் கடிதமும் வந்தது.

அந்தப் பத்தடி தூரத்தில் நின்றபோது அத்தைக்குத் துளிகூடப் பயமில்லை. சிங்கம் மாதிரி நின்றாள்.

இந்த வரியை நான் எழுதும்போது அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

“சிங்கமா? கழியைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ல இருக்கற சாமியையெல்லாம் கூப்பிட்டேன்டா. அந்தாளு கோவிச்சுக்கிட்டு உரிமத்தைப் பிடுங்கிட்டா அடுத்த வேளைச் சோத்துக்கு என்ன பண்றதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். நீ அன்னிக்குப் படகுலயே இல்ல, இழுத்துப் போத்தித் தூங்கிட்டு இருந்த. உனக்கு எப்படித் தெரியும்? அடிச்சுட்டு ஒழுங்கா எழுது.”