தங்கையின் கோதுமை

ரொறன்ரோ யூனியன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபடி, அக்கா கட்டித் தந்த பிட்டைத் திறக்கிறேன். பக்கத்து வாங்கில் ஒரு வெள்ளைக்கார விவசாயி இருக்கிறார். மகளைப் பார்த்துவிட்டு சஸ்காட்சுவானுக்குத் திரும்புகிறார். கோதுமை மாப் பிட்டு என்றதும் ஒரு பிடி வாங்கி மெதுவாக மெல்லுகிறார்.

அவருடைய வயல் மழையில்லாமல் காய்கிறதாம். அவருடைய தங்கைக்கு எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில் வயல். அதே கோதுமைக்கு அங்கே விலை கூடுதல். இங்கே அரசாங்கச் சபை மூலம்தான் விற்கவேண்டுமாம்; தன் விருப்பத்துக்கு அங்கே கொண்டுபோய் விற்க இவருக்கு அனுமதியில்லை.

“தங்கச்சியில எரிச்சல் வராதோ?” என்று கேட்கிறேன்.

“வந்தது. அதால சண்டைபிடிச்சு ரெண்டு வருசம் கதைக்காமல் இருந்தம். இப்ப விலையைக் கேக்கிறேல்லை.”

கையைத் துடைத்துக்கொண்டு, காசு போட்டுப் பேசும் போனடிக்குப் போய்த் தங்கையை அழைக்கிறார்.

“அங்க மழையோ?” என்று கேட்கிறார். பதிலைக் கேட்டு முகம் மலர்கிறது.

“நல்லது பிள்ளை. உன்ர பக்கமெண்டாலும் நனைஞ்சுதே.”